லைம்ஹவுஸில் ஓர் அரச அடிக்கல்: லண்டனில் லஸ்கர்களுக்காக எழுந்த விடுதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் துறைமுகப் பகுதியில் 1856ஆம் ஆண்டு ஆல்பர்ட் இளவரசர் நாட்டிய ஓர் அடிக்கல்லைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள் எழுகின்றன. யாருக்காகக் கட்டினார்கள்? இளவரசருக்கு அங்கே என்ன வேலை? அது மதம் மாற்றும் இடம்தானே? ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சில பதில்கள் நீளமாக இருக்கும், விஷயம் அப்படிப்பட்டது.

எந்தக் கட்டடம்? எங்கே இருந்தது?

கிழக்கு லண்டனில் லைம்ஹவுஸ் என்ற பகுதி. அங்கே வெஸ்ட் இந்தியா டாக் சாலை என்றொரு சாலை இருக்கிறது. 1802இல் திறக்கப்பட்ட வெஸ்ட் இந்தியா கப்பல்துறைக்குப் போகும் வழி என்பதால் அந்தப் பெயர். அந்தச் சாலையில்தான் 'ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினர் ஆகியோருக்கான அந்நியர் இல்லம்' என்ற நீண்ட பெயருடன் இந்த விடுதி எழுந்தது. 1856 மே 31ஆம் தேதி விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1857 ஜூன் மாதம் விடுதி திறக்கப்பட்டது. 1937 வரை, ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் நடந்தது.

'அந்நியர்' என்ற சொல் இழிவாக இல்லையா?

இன்றைய காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஆனால் பெயர் வைத்தவர்கள் கிறிஸ்தவ ஊழியர்கள். அந்நியனாக வந்தவனைச் சேர்த்துக்கொள்வதே கடவுளைச் சேர்த்துக்கொள்வது என்பது அவர்கள் வேதாகமத்தின் போதனை. அவர்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு வேற்று நாட்டிலிருந்து வந்த விருந்தினன் என்ற வாடையும் உண்டு.

லஸ்கர் என்றால் யார்?

ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமிகளுக்குப் பொதுவாக வழங்கிய பெயர். பாரசீகத்தில் 'லஷ்கர்' என்றால் படை. அது போர்த்துக்கீசியர் வழியாகக் கப்பலேறி, கடைசியில் கப்பல் தொழிலாளியைக் குறிக்கும் சொல்லாக மாறியது. சில்ஹெட், சிட்டகாங், நவகாளி என்று வங்கத்தின் நதிக்கரை ஊர்களிலிருந்தும், கட்ச், ரத்னகிரி, கோவா, மலபார் கரைகளிலிருந்தும் இவர்கள் போனார்கள். ஏமன் நாட்டவர், மலாய்க்காரர், சீனர் என்று பலரையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவதும் வழக்கமாக இருந்தது.

தனி ஆளாக யாரும் கப்பலில் சேர்வதில்லை. செராங் என்ற தலைவன் ஒரு கூட்டத்தையே திரட்டிக்கொண்டு வருவான். ஊதியப் பேச்சு, முன்பணம், தண்டனை எல்லாம் அவன் வழியாகத்தான். அவனுக்கு அடுத்த நிலையில் இருப்பவன் ஆங்கிலேயர் ஏடுகளில் 'டிண்டல்' என்று காணப்படுகிறான். இந்தச் சொல்லைப் பார்த்த இடத்தில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். நம் கரைகளில் படகை நடத்துபவனுக்குத் தண்டல் என்று பெயர். யாழ்ப்பாணத்துக் கடலோடிகளுக்கு அவன் தண்டையல். அதே சொல்தான் இந்த டிண்டல். மலையாளக் கரை, தமிழ்க் கரை, தெலுங்குக் கரை மூன்றும் பேசிய ஒரு சொல், லண்டன் கப்பல்துறையின் பெயர்ப் பட்டியலில் பதவியின் பெயராக உட்கார்ந்திருக்கிறது.

கப்பலில் வேலை பார்த்தவர்கள் லண்டன் தெருவில் ஏன் கிடந்தார்கள்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன்.

இந்தியாவுக்கு வரும் கப்பலில் ஆங்கில மாலுமிகள் நோயில் இறப்பார்கள், சிலர் ஓடிப்போவார்கள், போர்க்காலமாக இருந்தால் கடற்படை அவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விடும். திரும்பும் பயணத்துக்கு ஆள் வேண்டும். கல்கத்தாவிலும் பம்பாயிலும் செராங்குகளிடம் சொன்னால் ஆட்கள் கிடைப்பார்கள். ஆங்கில மாலுமிக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு ஊதியமே போதும். அப்படி அவர்கள் லண்டன் வந்து சேர்வார்கள்.

சேர்ந்த பிறகுதான் சிக்கல். ஆங்கிலேயக் கப்பலில் முக்கால் பங்கு மாலுமிகள் ஆங்கிலேயராகவே இருக்க வேண்டும் என்பது அந்நாளைய கப்பற் சட்டம். 1823ஆம் ஆண்டுச் சட்டமோ, லஸ்கர்கள் பிரிட்டிஷ் மன்னரின் குடிகளாகவே பிறந்திருந்தாலும் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்றது. வரும்போது வேலைக்காரன், திரும்பும்போது அதே கப்பலில் அவனுக்கு வேலை கிடையாது, பயணியாகத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றிச் செல்லும் கப்பல் கிடைக்கும்வரை அவன் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரமாகவும் இருக்கலாம், ஆறு மாதமாகவும் இருக்கலாம். வந்து இறங்கியது குளிர்காலத்தில் என்றால், பருத்தி உடுப்பும் வெறுங்காலுமாக லண்டன் பனியில்.

திருப்பி அனுப்பும் பொறுப்பைச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலையில் வைத்தது. கம்பெனி அதை ஒப்பந்தக்காரர்களிடம் விட்டது. ஷாட்வெல் பகுதியில் லஸ்கர்களை அடைத்து வைத்திருந்த கொட்டடிகளை 1814இல் நாடாளுமன்றக் குழு ஒன்று போய்ப் பார்த்தது. படுக்கை இல்லை, மேசை நாற்காலி இல்லை. பலகைத் தரையில் ஆட்கள் படுத்திருந்தார்கள். அந்தப் பார்வைக்கும் லைம்ஹவுஸ் அடிக்கல்லுக்கும் இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள். அந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. தெரியாமல் விட்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

விடுதி கட்ட முன்வந்தவர்கள் யார்?

சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென் முன்னின்றவர்களில் ஒருவர். லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் மார்ஷ் ஹியூஸ் விடுதியின் கௌரவச் செயலாளராக இருந்து ஓடியாடி வேலை செய்தார். இந்த ஹியூஸைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். லஸ்கர்களைப் பற்றிய சட்டங்களை எல்லாம் திரட்டி 1855இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். இரக்கப்படுபவர்கள் பலர் இருந்தார்கள். சட்டத்தில் ஓட்டை எங்கே என்று உட்கார்ந்து படித்தவர் அவர்.

பணம் யார் கொடுத்தது?

நன்கொடையாளர்களில் பளிச்சென்று தெரியும் பெயர் மகாராஜா துலீப் சிங். 500 பவுண்டு கொடுத்தார். பஞ்சாப் அரசின் கடைசி மன்னர். 1849இல் கம்பெனி அவர் நாட்டை எடுத்துக்கொண்டபோது அவருக்கு வயது பத்து. கோஹினூர் வைரமும் அப்போதுதான் கைமாறியது. 1854இல் இங்கிலாந்துக்கு வந்தார். அடிக்கல் நாட்டிய நாளில் அவருக்கு இன்னும் பதினெட்டு நிரம்பவில்லை. நாடிழந்த ஒரு சிறுவன், ஊர் திரும்ப வழியில்லாத தன் நாட்டவர்களுக்குக் கூரை போடப் பணம் கொடுத்தான். அரச அடிக்கல் என்று சொல்லும்போது ஆல்பர்ட் மட்டுமே நினைவுக்கு வருகிறார். இந்தக் கட்டடத்தில் இன்னோர் அரச கையும் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆல்பர்ட் இளவரசர் ஏன் வந்தார்? வெறும் அலங்காரத்துக்கா?

அலங்காரமும் உண்டு. அரச குடும்பத்தார் கல் நாட்டினால் செய்தித்தாள்களில் படம் வரும், நன்கொடை பெருகும். எந்தத் தரும காரியத்துக்கும் அது பெரிய பலம்.

ஆனால் ஆல்பர்ட்டைப் பொறுத்தவரை அவ்வளவோடு முடித்துவிட முடியாது. உழைப்பவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார்கள் என்பதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. உழைக்கும் வகுப்பாரின் நிலையை உயர்த்தும் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1851 மாபெரும் கண்காட்சியின்போது தொழிலாளர் குடும்பங்களுக்கான மாதிரி வீடுகளை ஹைட் பார்க் அருகே கட்டிக் காட்டச் செய்தார். 1852இல், கலங்கரை விளக்கங்களையும் வழிகாட்டி மாலுமிகளையும் கவனிக்கும் ட்ரினிட்டி ஹவுஸின் தலைமைப் பொறுப்பும் அவருக்கு வந்தது. கடலோடிகளுக்கான கட்டடத்துக்கு அவரை அழைத்தது பொருத்தமான அழைப்புதான்.

அதுவும் முதல் முறை அல்ல. பத்தே ஆண்டுகளில் மாலுமிகளுக்காக மூன்று கற்கள் நாட்டியிருக்கிறார்: 1846இல் லண்டனில் ஒன்று, அதே ஆண்டு லிவர்பூலில் ஒன்று, 1856இல் லைம்ஹவுஸில் ஒன்று.

அரச அடிக்கல் விழா எப்படி நடக்கும்? அந்தக் கல் உண்மையில் அஸ்திவாரத்தில்தான் இருக்கிறதா?

நம் ஊரில் அடிக்கல் நாட்டு விழா என்றால் குழியில் நவதானியம், பால், மஞ்சள் தடவிய செங்கல் என்று ஒரு முறை இருக்கிறது. விழாப் பெயர்ப்பலகை தனி, பூமிக்குள் போகும் கல் தனி. விக்டோரியா காலத்து முறையில் இரண்டும் ஒன்றுதான்.

கட்டடத்தின் மூலையிலோ வாசலுக்கு அருகிலோ, பெயர் பொறித்த பெரிய கல் ஒன்று கப்பியில் கட்டித் தொங்கும். அதற்குக் கீழே ஏற்கெனவே பதித்த கல்லில் ஒரு குழிவு இருக்கும். அந்த ஆண்டின் நாணயங்கள், அன்றைய செய்தித்தாள், சங்கத்தின் அறிக்கை ஆகியவற்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு அடைத்து அதில் வைப்பார்கள். பிறகு விருந்தினர் கையில் வெள்ளிக் கொத்துக்கரண்டியைக் கொடுப்பார்கள். அவர் சாந்தை எடுத்துப் பரப்புவார். மேலே தொங்கும் கல்லைக் கொத்தனார்கள் மெல்ல இறக்குவார்கள். இறங்கி உட்கார்ந்ததும் மட்டம் பார்த்து, தூக்குக்குண்டு பிடித்துச் சரிபார்த்து, கொட்டாப்புளியால் கல்லின் தலையில் சில தட்டு. 'இந்தக் கல் செவ்வையாக நாட்டப்பட்டது' என்று விருந்தினர் அறிவிப்பார். பாதிரியார் ஜெபம் சொல்வார். வெள்ளிக் கரண்டி அவருக்கே நினைவுப் பரிசு.

அடிக்கல் என்று பெயர் இருந்தாலும் அது தரைக்கு மேலே, கண்ணில் படும்படிதான் இருக்கும். பாரம் தாங்குவது அதன் வேலை அல்ல. இன்ன நாளில் இன்னார் வந்தார் என்று தெருவில் போகிறவர்களுக்குச் சொல்வதே அதன் வேலை. உண்மையான அஸ்திவாரத்தைச் சில வாரங்களுக்கு முன்பே பெயரில்லாத கூலியாட்கள் தோண்டி நிரப்பியிருப்பார்கள்.

அந்த 1856 மே 31இல் வேறு என்ன விசேஷம்?

இரண்டு நாள் முன்புதான், மே 29ஆம் தேதி, கிரைமியப் போர் முடிந்த சமாதானத்தைக் கொண்டாட லண்டனில் பெரும் வாணவேடிக்கை நடந்தது. ஊர் முழுக்க மகிழ்ச்சியில் இருந்த வாரம்.

திறப்பு விழாவின் காலம்தான் இன்னும் கூர்மையானது. 1857 ஜூன் தொடக்கத்தில் விடுதி திறக்கப்பட்டது. மூன்று வாரம் முன்பே, மே 10ஆம் தேதி, மீரட்டில் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். டில்லி அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஆனால் செய்தி லண்டனை எட்டியது ஜூன் கடைசியில்தான். இந்தியாவிலிருந்து வந்த மனிதர்களுக்கு அன்புடன் கதவு திறந்தவர்கள், இந்தியா பற்றி எரிகிறது என்று அறியாமலேயே திறந்தார்கள். அதே கோடை முடிவதற்குள் லண்டன் பத்திரிகைகளில் இந்தியர் என்ற சொல்லின் தொனியே மாறிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்திலும் விடுதி மூடப்படவில்லை என்பதை அதன் நிர்வாகிகளின் நற்பெயரில் வரவு வைக்க வேண்டும்.

உள்ளே என்னென்ன வசதிகள்?

இருநூறு பேருக்கு மேல் தங்கலாம். சம்பளப் பாக்கி கையில் உள்ளவர்கள் பணம் கொடுத்துத் தங்குவார்கள். கையில் ஒன்றுமில்லாதவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். கொண்டுவந்த பணத்தையும் பொருளையும் ஒப்படைத்துவிட்டுப் போகப் பாதுகாப்பான இடம் இருந்தது. வெளி விடுதிகளில் ஒரே இரவில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளில் கிறிஸ்தவ நூல்கள் அடங்கிய ஒரு நூலகமும் இருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கிழக்கே போகும் கப்பல்களுக்கு ஆள் வேண்டும் என்றால் இங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம். ஊர் திரும்ப வேண்டியவனுக்கும் ஆள் தேடும் கப்பலுக்கும் நடுவே ஓர் அலுவலகமாக விடுதி வேலை செய்தது. தரும சாலை ஒன்று கஞ்சி ஊற்றும், போர்வை கொடுக்கும். இது ஊருக்கு வழி காட்டியது. கப்பல் முதலாளிகளுக்கும் அரசுக்கும் இது வசதிதான். மலிவான ஆட்கள் ஒரே இடத்தில் கிடைத்தார்கள், தெருவில் திரிபவர்கள் குறைந்தார்கள். அந்த வசதியையும் சேர்த்துச் சொன்னால்தான் சித்திரம் முழுமையாகும்.

மதம் மாற்றுவதற்குத்தானே கட்டினார்கள்?

மதம் பரப்புவதும் அவர்கள் நோக்கம். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. லண்டன் நகர மிஷனைச் சேர்ந்த ஜோசப் சால்டர் என்பவர் விடுதியோடு இணைந்து லஸ்கர்களிடையே பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். துறைமுகச் சந்துகள், மருத்துவமனைகள், சிறைகள், அபின் குடிக்கும் இடங்கள் என்று எங்கெல்லாம் ஆசியர் இருந்தார்களோ அங்கெல்லாம் போனார். 1873இலும் 1896இலும் தன் அனுபவங்களை நூல்களாக வெளியிட்டார்.

அவர் எழுத்தில் இன்றைய வாசகரைக் குத்தும் பகுதிகள் நிறைய உண்டு. பிற மதங்களை இருட்டு என்றே பேசுகிறார். ஆனால் அந்தக் காலத்து லண்டனில் இந்திய மாலுமிகளின் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அவர்கள் மொழியிலேயே பேசி எழுதி வைத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். சால்டரை விலக்கிவிட்டால் அந்த மனிதர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி போய்விடும். ஆகவே அவரை எச்சரிக்கையுடன், ஆனால் நன்றியுடன் படிக்கிறேன்.

இந்த விடுதிக்கு வெளியே லஸ்கர்கள் எங்கே தங்கினார்கள்?

பெரும்பாலோர் வெளியேதான். ஷாட்வெல்லில் புளூகேட் ஃபீல்ட்ஸ் என்ற சந்துகளில் ஆசியர்களே நடத்திய விடுதிகள் இருந்தன. அவற்றை நடத்துவதில் ஆங்கிலப் பெண்களும் இருந்தார்கள். 'லஸ்கர் சாலி', 'கல்கத்தா லூயிசா' என்ற பட்டப் பெயர்கள் சால்டர் வழியாக நமக்குக் கிடைக்கின்றன. வந்து தங்குபவர்களிடமிருந்தே இந்துஸ்தானி கற்றுக்கொண்டு பேசிய பெண்கள். சால்டருக்கு அந்த இடங்கள் பாவக் குழிகள். எனக்கு அப்படி முடிவு கட்ட மனம் வரவில்லை. அங்கே சுரண்டலும் இருந்தது. தன் மொழியில் பேசும் ஒருவரின் அடுப்பங்கரையும் இருந்தது. நெறிமுறைகள் எழுதி ஒட்டிய பெரிய கட்டடத்தைவிட அந்த அடுப்பு ஒருவனுக்கு நெருக்கமாக இருந்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஆல்பர்ட் நாட்டிய மற்ற இரண்டு கற்கள் என்ன ஆயின?

முதலாவது, லண்டன் டாக் தெருவில் மாலுமிகளுக்கான செயின்ட் பால் தேவாலயம். 1846 மே 11 அன்று நாட்டப்பட்ட கல். அதற்கு முன் மாலுமிகளுக்கு மிதக்கும் ஆலயம் ஒன்று இருந்தது. 'பிரேசன்' என்ற பழைய போர்க்கப்பலைக் கடற்படையிடமிருந்து பெற்று, தேம்ஸில் நங்கூரமிட்டு, அதில் ஆராதனை நடத்தினார்கள். மரம் உளுத்துப்போனதும் கரையில் கட்ட முடிவெடுத்தார்கள். கட்டடக் கலைஞர் ஹென்றி ராபர்ட்ஸ். கண்காட்சிக்காக ஆல்பர்ட்டின் மாதிரி வீடுகளை வரைந்தவரும் இவரேதான். அந்த ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆராதனை நின்ற பிறகு மழலையர் பள்ளியாகிவிட்டது.

இரண்டாவது, லிவர்பூல் மாலுமிகள் இல்லம். 1846 ஜூலை 30 அன்று ஆல்பர்ட் தன் பெயரிலேயே அமைந்த கப்பல்துறையைத் திறந்துவைத்தார். மறுநாள் இந்த இல்லத்துக்குக் கல் நாட்டினார். ஜான் கன்னிங்ஹாம் வடிவமைத்தது. நடுவில் உயர்ந்த கூடம், சுற்றிலும் அடுக்கடுக்காக வார்ப்பிரும்பு மாடங்கள், ஒவ்வொன்றிலும் வரிசையாகச் சிறு அறைகள், கப்பலின் அறைகள்போல. 1860இல் தீப்பற்றி உள்ளே எரிந்தது, மீண்டும் கட்டினார்கள். 1969இல் மூடி, சில ஆண்டுகளில் இடித்துவிட்டார்கள். மிஞ்சியது வாசலின் இரும்புக் கதவு. ஹென்றி பூலி என்பவரின் பட்டறையில் வார்த்தது. அந்தப் பட்டறையைப் பிற்பாடு வாங்கிய எடைக்கருவி நிறுவனத்தின் வளாகத்தில், ஸ்மெத்விக் ஊரில், அது பல காலம் இருந்தது. லிவர்பூல் மக்கள் விடாமல் கேட்டு, 2011இல் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து, பழைய இடத்துக்கு அருகிலேயே நிறுத்தினார்கள். பக்கத்தில் சுவர் இல்லை, பின்னால் வீடு இல்லை. கதவு மட்டும் தெருவில் நிற்கிறது.

இந்தியாவில் இதுபோல் அரச அடிக்கல் உள்ள மாலுமிகள் இல்லம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் ஆல்பர்ட்டின் மகன் நாட்டியது. இரண்டாவது மகன் ஆல்ஃபிரட் கடற்படை அதிகாரி. 'கலாட்டியா' என்ற கப்பலின் தலைவராக உலகைச் சுற்றியவர். 1868 மார்ச்சில் சிட்னிக்கு அருகே கிளான்டார்ஃப் கடற்கரையில் அவரை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். அவர் பிழைத்துக்கொண்டார். அன்று அவர் கலந்துகொண்டது சிட்னி மாலுமிகள் இல்லத்துக்கு நிதி திரட்டும் விருந்து. அதே இளவரசர்தான் 1870இல் பம்பாய்க்கு வந்து, அவர் பெயரையே தாங்கிய ராயல் ஆல்ஃபிரட் மாலுமிகள் இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

கட்டியவர் ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். பிற்பாடு விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தை வடிவமைத்தவர். 1876இல் முடிந்தது. செலவான 3,66,629 ரூபாயில் 2 லட்சம் ரூபாயைப் பரோடா மகாராஜா கண்டேராவ் கெய்க்வாட் கொடுத்தார். முகப்பின் உச்சியில் கடல் தேவன் நெப்டியூன், கடற்கன்னியர், கடற்குதிரைகள் என்று சிற்பக் கூட்டம். தெருவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

அது ஐரோப்பிய மாலுமிகளுக்காகக் கட்டப்பட்டது. இந்திய மாலுமி லண்டனில் குளிரில் நடுங்கினான், அவன் விடுதிக்கு ஓர் இந்திய மன்னர் 500 பவுண்டு கொடுத்தார். ஐரோப்பிய மாலுமி பம்பாயில் வெயிலில் வாடினான், அவன் விடுதிக்கும் ஓர் இந்திய மன்னரே 2 லட்சம் கொடுத்தார். இரண்டு கல்லையும் நாட்டியவர்கள் ஒரே குடும்பத்து அப்பாவும் மகனும். இந்த இரண்டு கட்டடங்களையும் சேர்த்து யோசிக்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு விழுந்தது.

1928இல் அரசு அந்தக் கட்டடத்தை வாங்கி அங்கே சட்டமன்றத்தை நடத்தியது. இப்போது அது மகாராஷ்டிரக் காவல்துறையின் தலைமையகம்.

லைம்ஹவுஸில் இன்று போனால் என்ன பார்க்கலாம்?

கட்டடம் இல்லை. 1937இல் மூடிய பிறகு இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்துவிட்டது. வெஸ்ட்ஃபெரி ரயில் நிலையத்தில் இறங்கினால் வெஸ்ட் இந்தியா டாக் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. தெற்கே திரும்பினால் கேனரி வார்ஃபின் கண்ணாடிக் கோபுரங்கள். அவை நிற்பது பழைய வெஸ்ட் இந்தியா கப்பல்துறையில். லஸ்கர்கள் இறங்கி நடந்து வந்த திசை அது.

லண்டனிலேயே ஹேக்னி என்ற பகுதியில் ஆயாக்கள் விடுதி இருந்த வீட்டுக்கு 2022இல் நீல நினைவுப் பலகை கிடைத்தது. ஆங்கிலக் குடும்பங்களுடன் வந்து கைவிடப்பட்ட இந்திய, சீனப் பணிப்பெண்களின் புகலிடம் அது. இந்தப் பயணத்துக்குப் போகிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வரலாம்.

மாலுமிகளுக்கான மிஷன்கள் இப்போதும் இருக்கின்றனவா?

இருக்கின்றன. லைம்ஹவுஸில் கல் நாட்டிய அதே 1856இல்தான் இன்று 'மிஷன் டு சீஃபேரர்ஸ்' என்று அறியப்படும் அமைப்பும் லண்டனில் தொடங்கியது. பறக்கும் தேவதூதன் அதன் சின்னம். கத்தோலிக்கத் திருச்சபையின் கடல்சார் ஊழியம் 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. இன்றைய மாலுமிக்குத் துறைமுகத்தில் கிடைக்கும் நேரம் சில மணி மட்டுமே. வீட்டாரிடம் பேச இணைய இணைப்பு, ஊருக்குள் போய்வர ஒரு வேன், சம்பளம் தராத முதலாளியிடம் பேச ஓர் ஆள் ஆகியவைதான் அவன் கேட்பவை. முதலாளி கைவிட்ட கப்பலில் மாதக் கணக்கில் சிக்கிக் கிடக்கும் மாலுமிகள் பற்றிய செய்திகள் இன்றும் வருகின்றன. அவர்களில் இந்தியர்கள் உண்டு.

அடிக்கல்லில் இளவரசர் பெயர் இருக்கும். லஸ்கர்களின் பெயர்கள் எங்கே?

சூயஸ் கால்வாய் 1869இல் திறந்து, நீராவிக் கப்பல்கள் பெருகியதும் அவர்கள் எண்ணிக்கையும் ஏறியது. கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடும் வேலை பெரும்பாலும் அவர்கள் தலையில் விழுந்தது. 1914இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் 51,616 லஸ்கர்கள் இருந்தார்கள். மொத்த மாலுமிகளில் 17.5 சதவீதம். போரில் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கினால் அடித்தளத்தில் இருந்தவர்கள் மேலே வர நேரம் இருக்காது.

லண்டன் டவர் ஹில்லில், 1928இல் மேரி அரசி திறந்துவைத்த வணிகக் கப்பல் மாலுமிகள் நினைவிடத்தில் முதல் உலகப் போரில் இறந்த சுமார் 12,000 பேரின் பெயர்கள் வெண்கலத்தில் இருக்கின்றன. டாக் தெரு தேவாலயத்திலிருந்து நடந்தே போகலாம். லஸ்கர்களைத் தேடி அங்கே போக வேண்டாம். கல்கத்தாவில் ஹேஸ்டிங்ஸ் பகுதியில் ஹூக்ளிக் கரையோரம், வங்கத்தையும் அசாமையும் சேர்ந்த 896 மாலுமிகளுக்காக ஓர் உயர்ந்த தூண் நிற்கிறது. 1924 பிப்ரவரியில் வங்க ஆளுநர் லிட்டன் பிரபு திறந்துவைத்தார். அடிப்பகுதியில் நான்கு பக்கமும் பழங்காலக் கப்பலின் முன்மூக்கு செதுக்கியிருக்கிறது.

மும்பையில் மஸ்ஜித் பந்தர் அருகே இந்திய மாலுமிகள் இல்லத்தில் முதல் உலகப் போரில் கடலோடு போனவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 6,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை ஏட்டில் எழுதி, ஒரே மாதிரி இரண்டு பிரதிகள் செய்து, ஒன்றை மும்பையிலும் மற்றொன்றைச் சிட்டகாங்கிலும் வைத்தார்கள். எந்தெந்தத் துறைமுகங்களிலிருந்து அவர்கள் கப்பலேறினார்களோ, அங்கேயே.